காபித் தோலுக்கு என்ன விலை?

தினமும் இரண்டு வேளை ஃபில்டர் காபி குடிக்கிறவர்களில் எத்தனை பேர் காபிப் பழத்தைப் பார்த்திருப்பார்கள்? கடையில் கிடைப்பது தூள். அதற்கு முன்னால் அது கொட்டை. அதற்கும் முன்னால் செடியில் செக்கச்செவேல் என்று கொத்தாகத் தொங்கும் சின்னப் பழம். கொட்டையை எடுத்துக்கொண்ட பிறகு அந்தப் பழத்தின் தோலும் சதையும் எங்கே போகின்றன? அதை யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தோலைப் பற்றியதுதான்.

ஏற்காடு என்றதும் ஏரி, படகு, லேடீஸ் சீட், கரடியூர் காட்சிமுனை என்று ஒரு பட்டியல் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கரடியூர் பக்கம் போகிறவர்கள் காட்சிமுனையில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆனால் போகும் வழியெல்லாம் இருப்பது காபித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக் மரம், அந்த மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்ற ஆங்கிலேயர்தான் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அன்றிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 200 வருடங்களாக இந்த மலையிலிருந்து கொட்டை கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது.

கொட்டையோடு மண்ணின் சத்தும் கொஞ்சம் இறங்குகிறது. அதைத் தவிர்க்க முடியாது, விற்றால்தானே பிழைப்பு! ஆனால் தோல்? அது விற்பனைக்குப் போகும் பொருள் இல்லையே. அதுவாவது மண்ணுக்குத் திரும்பலாம் அல்லவா? பல இடங்களில் திரும்புவதில்லை. காரணம் விவசாயியின் சோம்பேறித்தனம் இல்லை. கணக்கு இடிக்கிறது, அதுதான் விஷயம்.

ஒரு பழத்தில் எவ்வளவு தோல்?

அரபிகா காபிப் பழம் கார்த்திகை முதல் மாசி வரை பறிப்புக்கு வரும். பறித்த பழத்தை அன்றைக்கே 'பல்பர்' என்கிற இயந்திரத்தில் போட்டால் தோலும் சதையும் தனியே பிரிந்துவிடும். வழவழப்போடு இருக்கும் கொட்டையை ஊற வைத்து, கழுவி, களத்தில் காயவைத்தால் அதற்குப் பெயர் பார்ச்மென்ட். மலைக்காபியில் இது உயர்ந்த ரகம். இன்னொரு முறையில் பழத்தை அப்படியே முழுதாகக் காயவைத்துவிடுவார்கள். அதற்குப் பெயர் செர்ரி.

எடைக் கணக்கைப் பாருங்கள். 1,000 கிலோ பழம் பறித்தால் கடைசியில் விற்பனைக்கு வரும் பச்சைக் கொட்டை சுமார் 180 கிலோதான். தோலும் சதையும் மட்டும் 400 கிலோவுக்கு மேல் இருக்கும். கொட்டையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்! ஒரு தொழிற்சாலையில் தயாரிக்கும் பொருளைவிடக் கழிவு இரண்டு மடங்கு வந்தால் முதலாளி தூங்குவாரா? தோட்டத்தில் அது பழகிப்போன விஷயம்.

ஓடையில் விட்டால்?

காபித் தோலைக் குவித்து வைத்தால் இரண்டே நாளில் புளித்து நாற்றமடிக்கும், ஈ மொய்க்கும். மழை பெய்தால் கறுப்பாகச் சாறு வடியும். அதனால் அதைக் கண்ணில் படாத பள்ளத்தில் கொட்டிவிடுவது பல காபி நாடுகளில் பழைய வழக்கம். பள்ளம் என்றால் மலையில் அது பெரும்பாலும் ஓடைக்கரைதான்.

சுத்தமான ஓடைத் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். மீன், நண்டு, பூச்சி எல்லாம் மூச்சு விடுவது அதை வைத்துத்தான். காபிப் பழத்தைப் பிரித்துக் கழுவிய தண்ணீரில் சர்க்கரையும் பெக்டினும் நிறைய இருக்கும். அதைத் தின்று செரிக்க நுண்ணுயிர்களுக்கு லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் ஆக்ஸிஜன் தேவைப்படும். 4,000 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கழிவு நீர் 500 லிட்டர் நல்ல தண்ணீரின் மூச்சைக் குடித்துவிடும்! அதுவும் பறிப்புக் காலத்தின் பின்பாதியில், மழை நின்று ஓடைகளில் தண்ணீர் குறையும் நேரத்தில்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு தொழிலின் செலவைத் தொழில் செய்பவர் கணக்கில் எழுதாமல் வேறு யாரோ ஏற்றுக்கொண்டால் அதைப் புறச்செலவு என்று பாடப் புத்தகம் சொல்லும். இங்கே அந்த 'வேறு யாரோ', ஓடைக்குக் கீழே குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

மண்ணில் போட்டால்?

காய்ந்த காபித் தோலில் தழைச்சத்து ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை இருக்கும். சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ், அதைவிட அதிகம். பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா பெரும்பாலும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. கப்பலில் வரும் அதே சத்துதான் கொல்லைப்புறத்தில் புளித்துக்கொண்டிருக்கிறது.

சேர்வராயன் மலைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. இந்த மலையில் பாக்சைட் இருக்கிறது. மேட்டூரில் முன்பு இயங்கிய அலுமினிய ஆலைக்கு இங்கிருந்துதான் பாக்சைட் வெட்டிப் போனார்கள். இப்படி இரும்பும் அலுமினியமும் மிகுந்த புளிப்பு மண்ணில் மணிச்சத்து உரம் போட்டால் அவை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விவசாயி காசு கொடுத்துப் போட்ட உரம் மண்ணில் இருக்கும், ஆனால் செடிக்குக் கிடைக்காது. வங்கியில் பணம் இருந்தும் கணக்கை முடக்கி வைத்த மாதிரி! மக்கிய எரு சேரும்போது அந்தப் பிடி கொஞ்சம் தளர்கிறது. தவிர, சரிவான நிலத்தில் மேல்மண்ணைப் பிடித்து வைக்கவும், கோடையில் ஈரத்தைக் காக்கவும் எருவைத் தவிர வேறு எந்த மூட்டை உரத்தாலும் முடியாது.

யூரியாவை வருடக்கணக்கில் போடுவதால் மண்ணின் புளிப்பு கூடும். அதைச் சரிசெய்யச் சுண்ணாம்பு போட வேண்டும். இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோம். மண்ணின் தேய்மானத்தை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதுவதில்லை.

அப்படியே கொட்டலாமா?

கூடாது. இதற்கு ஒரு நல்ல உதாரணம் கோஸ்டாரிகாவில் இருக்கிறது. 2018இல் அங்கே கோட்டோ புரூஸ் என்ற பகுதியில் வளம் இழந்த ஒரு பழைய மேய்ச்சல் நிலத்தில் 30 லாரி காபித் தோலைக் கொண்டுவந்து அரை மீட்டர் உயரத்துக்குப் பரப்பினார்கள். நிலத்தின் அளவு 35 மீட்டருக்கு 40 மீட்டர்தான். இரண்டே வருடத்தில் அந்த இடத்தில் 80 சதவீதம் மரநிழல் மூடிவிட்டது. பக்கத்தில் தோல் போடாமல் விட்ட நிலத்தில் 20 சதவீதம்தான். 2021இல் ஆய்வு முடிவு வெளியானபோது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

கேட்க ஆசையாக இருக்கிறது அல்லவா? ஆனால் அங்கே நடந்த முதல் காரியத்தைக் கவனிக்க வேண்டும். குவிந்த தோல் சூடாகி, காற்றுப் புகாமல் அடைத்து, அங்கிருந்த முரட்டுப் புல்லை வேரோடு கொன்றது. காடு வளர்க்க அது நல்லது. கேழ்வரகு விதைத்த நிலத்தில் அதே வேலையைச் செய்தால் கேழ்வரகும் சேர்ந்து போய்விடும். பச்சைத் தோலில் காஃபினும் டானினும் வேறு இருக்கின்றன, இளம் வேருக்கு அவை ஆகாது. மக்காத குப்பையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தையும் கடன் வாங்கிக்கொள்ளும். பயிர் மஞ்சளடித்து நிற்கும். பிறகு "எரு போட்டேன், வெள்ளாமையே போச்சு" என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும்.

மக்க வைக்கும் முறை

இது ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை. நிழலான, தண்ணீர் தேங்காத, ஓடைக்குத் தள்ளி இருக்கிற இடம் வேண்டும். காபித் தோல் ஒரு சாண் உயரத்துக்கு, அதன் மேல் காய்ந்த நிழல்மரச் சருகு அல்லது களை, அதன் மேல் சாணக் கரைசல், கொஞ்சம் மண். இப்படி மாற்றி மாற்றி இடுப்பு உயரத்துக்கு அடுக்க வேண்டும். தோல் ஈரம், சருகு காய்ச்சல். இரண்டும் சேர்ந்தால்தான் காற்றும் ஈரமும் அளவாக இருக்கும்.

குவியல் சரியாக இருந்தால் சில நாளில் உள்ளே 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். கையை விட்டால் சுடும். அந்தச் சூட்டில் களை விதைகளும் பல நோய்க்கிருமிகளும் சாகும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். சூடு தணிந்த பிறகு மண்புழு விட்டால் இன்னும் நல்லது. மூன்று நான்கு மாதத்தில் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண்வாசனையோடு எரு தயார். தை மாதம் போட்ட குவியல் ஆடிப்பட்டத்துக்கு முன்பே கைக்கு வந்துவிடும். காபிச் செடிக்கும் போடலாம், கேழ்வரகு, சாமை, தினை விதைக்கிற மேட்டு நிலத்துக்கும் போடலாம். காலம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்!

இந்த வழிமுறைக்கு நம் நாட்டிலேயே பெரிய வரலாறு உண்டு. 1924 முதல் இந்தூரில் இருந்த பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்ட் பருத்திமார், சருகு, சாணம் எல்லாவற்றையும் சேர்த்து மக்க வைக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். இந்திய விவசாயிகளிடம் பார்த்ததும், சீன விவசாயம் பற்றிப் படித்ததும்தான் அவருக்கு அடிப்படை. 1930களில் 'இந்தூர் முறை' என்ற பெயரோடு அது கென்யாவின் காபித் தோட்டங்கள் வரை போனது. இங்கிருந்து கற்றுக்கொண்டு போனதை இங்கேயே செய்யத் தடுமாறுகிறோம் என்றால் ஏன்?

இடிக்கும் கணக்கு

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. 1,000 கிலோ பழத்தில் கிடைக்கும் 400 கிலோ தோலில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்தால் 100 கிலோ கூடத் தேறாது. அதில் உள்ள தழைச்சத்து அதிகபட்சம் 2 கிலோ.

ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. விலை வரி எல்லாம் சேர்த்து 266 ரூபாய் 50 காசு. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20.7 கிலோ. ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குக் கிடைத்துவிடுகிறது. அப்படியென்றால் 400 கிலோ காபித் தோலில் இருக்கும் தழைச்சத்தின் 'விலை' 26 ரூபாய். ஆமாம், இருபத்தாறே ரூபாய்! இன்றைக்கு இரண்டு டீ குடிக்கலாம். அந்த 400 கிலோவை அள்ளி, அடுக்கி, மூன்று முறை கிளறி, நிலத்துக்குச் சுமக்கிற ஆளுக்குக் கூலி என்ன? பல மடங்கு.

விவசாயி முட்டாள் இல்லை. அவர் மனக்கணக்காகவே இதைப் போட்டுவிட்டார். அதனால்தான் தோல் பள்ளத்துக்குப் போகிறது.

ஆனால் அந்த 26 ரூபாய் உண்மையான விலையா? யூரியாவின் அடக்கவிலை அதன் விற்பனை விலையைவிடப் பல மடங்கு. மீதியை அரசு மானியமாகக் கட்டுகிறது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது பொட்டாஷும் மணிச்சத்தும் அதற்குள் போயின, யூரியா மட்டும் வெளியே நின்றது. அதனால் யூரியா மலிவாகவே இருக்கிறது, மற்றவை ஏறுகின்றன. ஒரு பொருளின் விலையை மட்டும் செயற்கையாகக் குறைத்து வைத்தால், அதற்குப் போட்டியான எல்லாப் பொருளும் குப்பையாகத்தான் தெரியும். பொட்டாஷ், மண்ணின் ஈரம், ஓடைத் தண்ணீர், சுண்ணாம்புச் செலவு இவை எதுவுமே அந்த 26 ரூபாயில் இல்லை.

மலையில் குப்பை, சமவெளியில் சரக்கு

கழிவு என்பது பொருளின் குணமா, விலையின் குணமா? மலையிலிருந்து இறங்கி சேலத்துப் பக்கம் பாருங்கள். ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவு எடுத்த பிறகு சக்கை மிஞ்சும். அதற்குத் திப்பி என்று பெயர். திப்பியை யாரும் ஓடையில் கொட்டுவதில்லை. காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். வாங்க ஆள் இருக்கிறது, அதனால் அது சரக்கு. ஏமன் நாட்டில் காய்ந்த காபித் தோலை இஞ்சி போட்டுக் கொதிக்க வைத்து 'கிஷ்ர்' என்று குடிக்கிறார்கள். அங்கே அது பானம். இங்கே வாங்க ஆள் இல்லாததால் குப்பை. அவ்வளவுதான் வித்தியாசம்.

தோல் யாரிடம் போகிறது?

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய எஸ்டேட்டுகளில் சொந்தப் பல்பர் இருக்கும். அவர்களுக்குத் தோல் கையிலேயே நிற்கிறது. மனம் வைத்தால் எருவாக்கலாம், ஆளும் இடமும் உண்டு. ஆனால் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி? சேர்வராயன் மலையில் பரம்பரையாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் (கேரளத்து மலையாளிகள் இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) அப்படிப்பட்டவர்கள் உண்டு. பல்பர் இல்லாத சிறு விவசாயி பழத்தை அப்படியே விற்றுவிட்டால் தோலும் வியாபாரியோடு போகிறது. செர்ரியாகக் காயவைத்து விற்றாலும் அதே கதைதான். தொலி ஆலையில் உரிந்து அடுப்புக்கு எரிபொருளாகிவிடும். கொட்டைக்கு மட்டும் விலை பேசினார்கள், மண்ணின் சத்தும் சேர்ந்து வண்டியேறியது. பிறகு அதே விவசாயி உரக்கடையில் கடன் சொல்லி மூட்டை வாங்குகிறார்.

இதற்கு வழி இருக்கிறது. கையால் சுற்றும் சின்ன பல்பர்கள் கிடைக்கின்றன. பத்து விவசாயிகள் சேர்ந்து ஊருக்கு ஒன்று வைத்தால் பழம் ஊரிலேயே பிரிந்துவிடும். பார்ச்மென்ட்டுக்குச் செர்ரியைவிட நல்ல விலை, தோலும் ஊரிலேயே தங்கும். பழம் கொண்டுவந்த எடைக்குத் தக்கபடி எருவைப் பிரித்துக்கொள்ளலாம். பால் சொசைட்டியில் பால் ஊற்றித் தீவனம் வாங்குகிற ஊர்களுக்கு இந்த ஏற்பாடு புரியாமல் போகாது.

அரசு பங்கும் உண்டு. 2023இல் மத்திய அரசு கோபர்தன் திட்டத்தின் கீழ் வரும் சாண எரிவாயு ஆலைகளில் கிடைக்கும் இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அது ஆலைக்குத்தான். வீட்டுப் பின்னால் சொந்தமாகக் குவியல் போடுகிறவருக்கு அதில் ஒரு பைசா இல்லை. அதே தொகையை ஊர்ச் சங்கங்களின் எருவுக்கும் கொடுத்தால்? சருகும் சாணமும் சேர்த்து அரை டன் எரு வந்தால் 750 ரூபாய். அந்த 26 ரூபாய்க் கணக்கு அப்போது தலைகீழாகிவிடும். கிளறுகிற ஆளுக்கு ஒரு நாள் கூலியாவது தேறும்.

எல்லாவற்றுக்கும் எருவே போதுமா?

இல்லை. இலங்கையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்கு ஒரே நாளில் தடை போட்டார்கள். போதுமான எருவும் இல்லை, பழகிக்கொள்ள நேரமும் இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன, மலையகத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழர்களின் கொழுந்து எடையும் குறைந்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். 400 கிலோ தோலில் 2 கிலோ தழைச்சத்துதான் என்ற உண்மையை மறந்தால் இப்படித்தான் ஆகும். எரு மூட்டை உரத்துக்கு முழு மாற்று இல்லை. மூட்டையைக் குறைக்க உதவும், போட்ட மூட்டை வீணாகாமல் காக்கும். அதைச் சொல்லிச் செய்தால் ஏமாற்றம் இருக்காது.

கரடியூர்த் தோட்டங்களில் அடுத்த கார்த்திகையிலும் பழம் சிவக்கும். 1,000 கிலோவுக்கு 400 கிலோ தோல் கட்டாயம் வரும். அதை என்ன செய்வது என்று பறிப்பு தொடங்கிய பிறகு யோசித்தால் பள்ளம்தான் கதி. புரட்டாசியிலேயே இடம் பார்த்து, சருகு சேர்த்து, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசி வைத்தால் அடுத்த ஆடியில் எரு இருக்கும். ஓடையிலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்.